குடிலில் உட்கார வந்தவள்

அத்தியாயம் – 17

குப்புராஜுக்குச் சரியென்று தலையாட்டிவிட்டு வந்து மூன்று நாளாகிவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் இன்னும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இன்று டிசம்பர் இருபத்து மூன்று. சாயங்காலம் நாலு மணிக்குக் குப்புராஜ் வண்டியோடு வந்து நிற்பார்.

ஸ்தனிஸ்லாஸ் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். மாரியம்மன் பண்டிகைக்கும் அவன் லைட்டுதான், மாதா தேருக்கும் அவன் லைட்டுதான். வருஷா வருஷம் தருமபுரி பஸ் ஸ்டாண்டின் கிழக்கு மூலையில் கிறிஸ்துமஸ் குடில் போடுவதும் அவனே. களிமண் தோய்த்த சாக்கில் மலை. தகர டப்பாக்களில் முளைக்கவிட்ட கேழ்வரகுப் பயிர்தான் புல்வெளி.

இந்த வருஷம் குடிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கயிறு இருந்தது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே, துணி காயப்போடும் கொடி மாதிரி. மேலே ஒரு பலகை.

'கூரை உள்ளவர்கள் போட்டுவிட்டுப் போகலாம். கூரை இல்லாதவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.'

வாசகம் அவன் மனைவி வேளாங்கண்ணியுடையது. அதியமான்கோட்டையில் சத்துணவு அமைப்பாளர் அவள். இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை பஸ் ஏற வந்தவள், பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் ஒரு பெரியவர் பனியில் விறைத்துச் செத்துக் கிடந்ததைப் பார்த்தாள். அவர் மேல் ஒரு சிமெண்ட் சாக்கு மட்டும் இருந்தது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் புருஷனிடம் கேட்டாள். "குடிலுக்கு எத்தனை பல்பு போடுவீங்க?"

"நானூறு."

"எரநூறு போதுங்க. மிச்ச நேரத்துல ஒரு கயிறு கட்டுங்க."

கட்டினான். ஐந்து நாளில் கயிற்றில் என்னென்னவோ தொங்கியது. லாரி டிரைவரின் காக்கிச் சட்டை, பள்ளிக்கூட ஸ்வெட்டர், யாருடையதோ கல்யாணப் புடவை. காலையில் தொங்கியது சாயங்காலம் இருக்காது. ஆனால் பஸ் ஸ்டாண்டிலும் சந்தைக் கொட்டகையிலும் படுக்கிறவர்கள் நூறு பேருக்கு மேல். பனிக்குச் சட்டை என்ன செய்யும்? கம்பளி வேண்டும்.

அப்போதுதான் ஜவுளிக்கடை குப்புராஜ் கூப்பிட்டனுப்பினார். ஊரில் ஒரு தர்ம சங்கம் நடத்துகிறவர். நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து இன்னும் சுறுசுறுப்பாக நடத்துகிறவர்.

"நூத்தம்பது கம்பளி, தம்பி. சங்கத்துலருந்து தர்றோம். ஒண்ணே ஒண்ணு. பொம்மை மாதாவைப் பாத்து எவன் மனசு எளகும்? நெசமாவே வூடு வாசல் இல்லாத ஒரு பொம்பளை, கைக்கொழந்தையோட குடில்ல உக்காரட்டும். மொதக் கம்பளியை அவ கையில நான் குடுக்கறேன்."

நூற்றைம்பது என்ற சத்தத்தில் ஸ்தனிஸ்லாஸுக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. தலையாட்டிவிட்டான்.

அந்த விவரத்துக்குப் பொருந்துகிறவள் பஸ் ஸ்டாண்டில் ஒருத்திதான் இருந்தாள். தீர்த்தம்மாள்.

அவள் பெயரைச் சொன்னாலே வீட்டில் ஒரு வாரமாகப் புகைச்சல். தீர்த்தம்மாளின் புருஷன் லாரி கிளீனர். தொப்பூர் கணவாயில் லாரி உருண்டதில் போய்விட்டான். கொழுந்தன்மார்கள் அவளையும் ஏழு மாதப் பெண் குழந்தையையும் வெளியே தள்ளிவிட்டார்கள். வேளாங்கண்ணிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தக் குழந்தையை அரைமணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

போன வாரம் பனி தாங்கவில்லை என்று இருவரையும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். மாமியார் லூர்தம்மாள் கதவை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு ஒருத்தின்னு வரும். நாளைக்கு ஊரே வரும். வாணாம், அனுப்பு."

தீர்த்தம்மாள் குழந்தையோடு திரும்பிப் போனாள். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசவில்லை.

* * *

காலை டீ ஆறிக்கொண்டிருந்தது. அரைப்பரீட்சை லீவு என்பதால் வேளாங்கண்ணி வீட்டில் இருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"ஏங்க, அவ என்ன பொம்மையா?" என்றாள் வேளாங்கண்ணி.

"அரைமணி நேரம். அதுக்கு நூத்தம்பது கம்பளி."

"வர்றவன் போறவனெல்லாம் நின்னு பாப்பான். உங்க தங்கச்சியா இருந்தா உக்கார வெப்பீங்களா?"

"என் தங்கச்சி பஸ் ஸ்டாண்டுல படுக்கலையே கண்ணி. நாளைக்கு இன்னொருத்தரு விறைச்சிப் போனா? அப்பவும் ரெண்டு நாள் நீ பட்டினி கெடப்ப. என்னால வேற என்ன பண்ண முடியும், சொல்லு."

வேளாங்கண்ணி டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

அடுப்படியிலிருந்து லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரை உக்கார வெக்கப் போறீங்க?"

"தீர்த்தாவை" என்றான் மகன்.

ஏதாவது கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். லூர்தம்மாள் கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"அவகிட்ட நான் கேக்கறேன்" என்று எழுந்தாள் வேளாங்கண்ணி. "மாட்டேன்னு சொன்னா அதோட வுட்டுடணும்."

தீர்த்தம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக் குழாயில் குழந்தைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தவள், கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சும்மா உக்காந்தா போதுமாக்கா? வேற ஒண்ணும் செய்ய வாணாமா?"

"ஜனங்க பாப்பாங்க தீர்த்தா."

"இப்ப மட்டும் பாக்காமயா போறாங்க? உக்கார்றேங்க்கா. எங்கூடப் படுக்கறவங்க எத்தனை பேரு இருமறாங்க தெரியுமா? விடிய விடிய இருமல்தான்."

* * *

மூன்றரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பொம்மை மாதாவை எடுத்து ஓரமாக வைத்தார்கள். வேளாங்கண்ணியின் நீலப் புடவையில், தலையில் முக்காடு போட்டு, மடியில் குழந்தையோடு தீர்த்தம்மாள் வைக்கோல் மேல் உட்கார்ந்தாள். முன்னால் நின்ற இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். அவ்வளவு பொருத்தமாக இருந்தாள்.

அந்த மரியாதை நீடிக்கவில்லை.

"டேய், நெசப் பொம்பளைடா!"

"நம்ம குழாயடியில இருப்பாளே, அவதான்."

யாரோ ஒரு காசை விட்டெறிந்தான். அது வைக்கோலில் விழாமல் அவள் முழங்காலில் பட்டது. இன்னொன்று விழுந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. தீர்த்தம்மாள் தலையை நிமிர்த்தாமல் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"காசு போடற எடமா இது?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கூட்டத்தைப் பிளந்தது. "போடறதா இருந்தா கயித்துல துணி போடு. கையை வெச்சிக்கிட்டுச் சும்மா இரு."

ஸ்தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தான். அம்மா. யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள்.

அதற்குள் வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டுக் கட்டாகச் சாம்பல் நிறக் கம்பளிகள். சந்தைக் கொட்டகைப் பக்கமிருந்து வந்த ஆட்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். குப்புராஜ் ஒரு கம்பளியை விரித்துப் பிடித்தபடி குடிலை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் கழுத்தில் கேமராவோடு ஒருவர்.

தீர்த்தம்மாள் கேமராவைப் பார்த்தாள். சட்டென்று முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"போட்டா வாணாங்க."

"உக்காரும்மா, ஒரே நிமிசம். பேப்பர்ல வரப்போவுது" என்றார் குப்புராஜ்.

"பேப்பர்ல வரக்கூடாதுங்க. எங்கூரு டீக்கடையில பேப்பரு போடறாங்க."

"அதனால என்னா?"

அவள் சொல்லத் தயங்கினாள். வேளாங்கண்ணி கிட்டே போய்த் தோளைத் தொட்டதும் உடைந்துவிட்டாள்.

"எந்தங்கச்சிக்குத் தையில நிச்சயம் வெச்சிருக்காங்கக்கா. அக்காக்காரி பெங்களூருல ஒரு பங்களாவுல வேலை செய்யறான்னுதான் மாப்பிள்ளை வூட்டுல எங்கம்மா சொல்லியிருக்கு. எங்கம்மாவே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கு. நாந்தான் ஒருத்தரை அப்படி லெட்டரு எழுதிப் போடச் சொன்னேன். இந்த போட்டா வந்தா, பிச்சைக்காரி வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு போயிடுவாங்க."

குப்புராஜ் கையிலிருந்த கம்பளியை மடித்தார். அவர் கெட்டவர் இல்லை. முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"தம்பி, இது என் சொந்தக் கம்பளியா இருந்தா எறக்கிட்டுப் போயிடுவேன். சங்கத்து ஆளுங்க போட்டா கேப்பாங்க. பேப்பர்காரரை வேற வரச் சொல்லியாச்சு. நீயே சொல்லிப் பாரு."

ஸ்தனிஸ்லாஸ் வரிசையைப் பார்த்தான். முன்னால் நின்ற கிழவி குளிருக்கு இப்போதே கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் தீர்த்தம்மாளிடம் போனான்.

"தீர்த்தா, மூஞ்சிய ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டா அடையாளம் தெரியாதும்மா. நூத்தம்பது பேரு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குத் தன் குரல் பிடிக்காமல் போனது. அவள் மறுக்கவில்லை. மெல்ல மறுபடி வைக்கோலில் உட்காரப் போனாள்.  அவள் ஒத்துக்கொள்ளப் போகிறாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"வாணாம், எந்திரி" என்றான். பிறகு குப்புராஜிடம் திரும்பினான். "கம்பளிய எறக்க வாணாங்கண்ணே. எடுத்துட்டுப் போங்க."

"நெனச்சிப் பேசறியா?"

"ஆமாங்கண்ணே."

வேன் கதவு மூடியது. வண்டி வளைந்து சேலம் ரோட்டில் மறைகிற வரை வரிசை கலையவில்லை. கம்பளி போய்விட்டதென்று அப்புறம்தான் நம்ப ஆரம்பித்தார்கள்.

வரிசையில் கால் வளைந்த ஒருவர் நின்றிருந்தார். நஞ்சப்பன் என்று பெயர். சந்தையில் மூட்டை தூக்கிக் கால் போனவர். கோலை ஊன்றிக்கொண்டு தீர்த்தம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு போட்டாவுக்கு நின்னா என்னா கொறைஞ்சா போயிருக்கும் புள்ள? காட்டறதுக்கு எனக்கு ஒரு மூஞ்சி இருந்தா நான் காட்டியிருப்பேனே. என் மூஞ்சிய எவன் கேக்கறான்?"

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதார். 

ஸ்தனிஸ்லாஸ் மைக்கை எடுத்தான். ஏதாவது சொல்லிக் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். "மன்னிக்கணும்" என்றான். 

மைக் அவன் கையிலிருந்து போனது. வாங்கியவள் லூர்தம்மாள். அவள் ஆயுசில் மைக்கைத் தொட்டவளில்லை. வாயோடு ஒட்டிப் பிடித்ததில் அது கீச்சென்று கத்தியது. பயந்து தள்ளிப் பிடித்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எனக்குப் பேசத் தெரியாது."

பஸ் ஏறப் போனவர்கள் நின்றார்கள்.

"எனக்கு எட்டு வயசு. எங்கப்பன் காலராவுல போயிட்டாரு. நெலத்தைப் பங்காளிங்க புடுங்கிக்கிட்டாங்க. எங்கம்மா எங்க மூணு பேரையும் இழுத்துக்கிட்டு மொரப்பூரு ஸ்டேசனுக்கு வந்தா. நாப்பது நாள் அங்கதான் படுத்தோம். எங்கம்மா மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் படுப்பா. ரயிலுல எறங்கற ஊர்க்காரன் எவனாவது பாத்துடுவான்னு பயம்."

ஸ்தனிஸ்லாஸ் அம்மாவையே பார்த்தான். பாட்டியைப் பற்றி அவன் கேட்டிருந்ததெல்லாம் வேறு கதை. மாடு, நிலம், கிணறு என்று ஒரு கதை.

"ஒருநாள் காலைல எந்திரிச்சா எங்க மேல ஒரு கம்பளி கெடந்துச்சி. யாரு போட்டாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவங்களைப் பாக்கறப்பெல்லாம் எங்கம்மா தலையைக் குனிஞ்சிருப்பா. தெரியாததுனால குனியல. அவ்வளவுதான். அப்புறம் எங்கம்மாவுக்குக் கன்னியாஸ்திரி மடத்துல வேலை கெடைச்சிது, நான் வளந்தேன், கண்ணாலம் கட்டினேன். எம்புருசன்கிட்டகூட இதைச் சொன்னதில்ல. எம்மவன் இப்பத்தான் கேக்கறான்."

லூர்தம்மாள் தீர்த்தம்மாளைப் பார்த்தாள்.

"போன வாரம் இந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வந்துச்சி. நான் வெளிய அனுப்பிட்டேன். அவளைப் பாக்கறப்போ எங்கம்மாவைப் பாத்த மாதிரி இருந்துச்சி. அந்த பயத்துல அனுப்பிட்டேன். தப்பு. கம்பளி வண்டி போயிடுச்சி. கயிறு இருக்குது. போடறவங்க போட்டுட்டுப் போங்க. இவங்க மூஞ்சிய யாரும் பாக்க வாணாம்."

மைக்கை மகனிடம் நீட்டிவிட்டுத் தன் தோளிலிருந்த பழைய சால்வையை எடுத்துக் கயிற்றில் போட்டாள்.

 வந்த கூட்டத்தில் பாதி, பேச்சு முடிந்ததென்று நடையைக் கட்டியது. ஒரு பஸ் கிளம்பிப் போனது. லூர்தம்மாளின் சால்வை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு கண்டக்டர் பஸ்ஸுக்குள் ஏறினார். சீட்டுக்கடியிலிருந்து, தான் விரித்துப் படுக்கிற ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு இறங்கி வந்தார். பெங்களூர் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் கையை நீட்டி, "தகொள்ளி, தகொள்ளி" என்று வாங்கிக்கொள்ளும்படி கன்னடத்தில் கூப்பிட்டு ஒரு போர்வையைக் கொடுத்தார். ஹாஸ்டல் பையன்கள் நாலு பேர் ஓடிப்போய் மூட்டையோடு திரும்பினார்கள். பழக்கடைக்காரர் வாழைத்தாரை மூடியிருந்த கம்பளியை உதறி எடுத்து வந்தார். கயிறு தொய்ந்தது. கடைசியில் அறுந்தே விழுந்தது.

"வேற கயிறு இருக்குதாப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் குடிலின் மேலிருந்த சீரியல் லைட் ஒயரை அவிழ்த்து இரட்டையாக முறுக்கிக் கட்டினான்.

எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் கிடைத்திருக்கும். ஒரு போர்வையை இரண்டு பேர் என்று சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நஞ்சப்பன் பழக்கடைக் கம்பளியை எடுத்துக்கொண்டு தீர்த்தம்மாளைப் பார்க்காமல் நடந்தார். நாலு எட்டு போனவர் திரும்பினார்.

"உனக்குக் கெடைச்சிதா புள்ள?"

"கெடைச்சிதுங்க" என்றாள். பொய். கையில் எதுவும் இல்லை.

* * *

ஏழு மணி இருக்கும். கூட்டம் வடிந்துவிட்டது. குடிலுக்குப் பின்னால் மைக் செட் பெட்டி மேல் உட்கார்ந்து லூர்தம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மகன் பக்கத்தில் நின்றான்.  "சக்கரை போதுமாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

குழந்தை வேளாங்கண்ணியின் தோளில் தூங்கிப்போயிருந்தது. தீர்த்தம்மாள் நீலப் புடவையை மடித்துத் தந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பெங்களூருல கட்டட வேலை இருக்குதாம். மேஸ்திரி ஒருத்தரு நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்ஸுல ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறாரு. கைக்கொழந்தையோட வந்தா சேத்துக்க மாட்டேன்னுட்டாரு. எந்தங்கச்சி நிச்சயத்துக்கு நான் பெங்களூருலருந்து வந்து எறங்கணுங்க்கா. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சி. இந்த ஒண்ணையாச்சும் நெசமாக்கிடறேன்." குழந்தையின் தலையைத் தடவினாள். "புள்ளைய ஆறு மாசம் நீங்க வெச்சிக்கிறீங்களா?"

 'வெச்சிக்கிறேன்' என்ற வார்த்தை வேளாங்கண்ணிக்கு வாய் வரை வந்துவிட்டது. எட்டு வருஷம் கேட்ட வரம் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பால் வாசனை.

அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"எனக்குப் புள்ளை இல்லேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க்கா. அதனாலதான் நல்லாப் பாத்துக்குவீங்கன்னு..."

"அதனாலதான் எனக்கு பயமா இருக்குது தீர்த்தா. ஆறு மாசம் கழிச்சி நீ வந்து நின்னா, குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவேன். சும்மா பேச்சுக்குச் சொல்லல. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

லூர்தம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

தீர்த்தம்மாள் குழந்தையை வாங்கக் கை நீட்டவில்லை. வேளாங்கண்ணியின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். ஊரே அவளைப் பார்த்த நாளில், அவள் ஒருவரை நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்படிச் சொல்ற ஆளுகிட்டத்தாங்க்கா வுட்டுட்டுப் போவ முடியும்" என்றாள்.

ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.